ஓரத்து மஞ்சள்

எழுதிப் பழக்கம் இல்லாதவள் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சரக்குச் சீட்டும், துணித் துண்டில் தேதியும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டாலே எனக்கு நாக்கு எழாது. அப்படிப்பட்டவள் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிற மாதிரி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். கேட்ட பிள்ளையின் முகத்துக்காக எழுதுகிறேன். படித்து முடித்ததும், இவளிடம் கேட்டிருக்க வேண்டாம் என்று அந்தப் பிள்ளை நினைத்தால் அதுவும் நியாயம்தான்.

கேட்டது பெனாசிர். நான் வேலை பார்த்த கம்பெனிக்குப் புதிதாக வந்த இன்ஜினியர், மேலப்பாளையத்துப் பெண். பூங்காக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் கீழே ரப்பர்த் தரை பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் விழுந்தால் அடிபடாமல் இருக்க, ரப்பர்த் துணுக்குகளைப் பசையில் குழைத்து ஊற்றி, கரணையால் தேய்த்துவிடுகிற தரை. அதுதான் எங்கள் வேலை. எனக்கு அதில் பொருள் பார்க்கிற பொறுப்பு. பசையின் ஆவி வருடக்கணக்கில் நெஞ்சில் ஏறி மூச்சு இழுக்க ஆரம்பித்ததால், இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டேன்.

விட்ட மாதமே பெனாசிர் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"யக்கா, இனிமே சரக்கு பாக்கதுக்கு எழுத்துல ஒரு முறை வேணும்னு மொதலாளி சொல்லிட்டாரு. நீங்க துணியில தேச்சே நல்லது கெட்டது சொல்லிருவியளாம்லா. அத அப்படியே எழுதித் தாங்க. உங்க பேரப் போட்டு ஸ்டோர்ல ஒட்டுதேன்."

"பேரெல்லாம் வேண்டாம்மா."

"ஏன்க்கா? பேச்சியக்கா கை பொய் சொல்லாதுன்னு இசக்கி மேஸ்திரி சொல்லுதாரு."

இசக்கி அப்படிச் சொன்னான் என்றால் அது புகழ்ச்சி இல்லை. அவன் எதை நினைத்துச் சொன்னான் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் பெனாசிர் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், அவளுக்கு அது வேண்டும்.

தரை இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு கறுப்பு. பழைய டயரை அரைத்த துணுக்கு. அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பிள்ளையின் மண்டையைக் காப்பது அதுதான். சறுக்கு எவ்வளவு உயரமோ அதற்குத் தக்கபடி அதன் கனம் இருக்க வேண்டும். மேல் அடுக்கு நிறத் துணுக்கு. சாக்கில் கிரானுல்ஸ் என்று போட்டிருக்கும், நாங்கள் குருணை என்போம். குருணையில் இரண்டு சாதி. ஒன்று, செய்யும்போதே நிறம் கலந்து செய்த புது ரப்பர். அதை வெட்டினால் உள்ளேயும் அதே நிறம். மற்றது, டயர்த் துணுக்குக்கு மேலே சாயம் பூசியது. வெட்டினால் உள்ளே கறுப்பு. சாக்கைத் திறந்த அன்றைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சொல்லப்போனால் சாயம் பூசியதுதான் பளிச்சென்று இருக்கும்.

அதனால் பிளேடால் ஒரு குருணையை வெட்டிப் பாருங்கள். சாக்கின் வாயில் எடுக்கக் கூடாது, கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து எடுக்க வேண்டும். நகத்தால் அழுத்தி விட்டால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கொட்டிப் பாருங்கள். தூசி பறந்தால் அந்தச் சாக்கு வேண்டாம். தூசி பசையைக் குடித்துவிடும், பிறகு குருணை ஒன்றையொன்று பிடிக்காமல் உதிரும். சாக்கு ஈரமாக இருக்கக் கூடாது. இந்தப் பசை காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், ஆனால் குருணையிலேயே ஈரம் இருந்தால் பொங்கிவிடும். கொத்து வேலையிலிருந்து வருகிறவர்கள் சிமெண்டுத் தரைக்கு விடுகிற மாதிரி மறுநாள் இதற்கும் தண்ணீர் விட வருவார்கள். வாளியைப் பிடுங்கி வையுங்கள். வெளிர் நீலம், வெள்ளை மாதிரி நிறங்களுக்கு மஞ்சளிக்காத பசை தனியாக வாங்க வேண்டும், சாதாரணப் பசை வெயிலில் பழுப்பேறும்.

கடைசியாகத் துணி. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு பிடி குருணையை அதில் வைத்து, உள்ளங்கையால் நூறு எண்ணும் வரை தேய்க்க வேண்டும். துணி வெள்ளையாகவே இருந்தால் சாக்கு வேலைக்கு ஏறலாம்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. தேவசகாயம் அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தது.

அண்ணாச்சி பாளையங்கோட்டைக்காரர், எங்களுக்கு மேற்பார்வை. மொசைக் தரை இழைக்கிற இடத்தில் சித்தாளாக இருந்த நான் அந்த வேலை நின்று போனதும் இங்கே குழைக்கிற வேலைக்கு வந்தேன். இரண்டு வருடம் பசை வாளி தூக்கினேன். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கிறது என்று ஸ்டோரில் உட்கார வைத்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பழைய வேட்டிகளைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து ஒரு கட்டு எப்போதும் வைத்திருப்பார். தேய்த்த துணியில் தேதி, நிறம், எந்த வேலைக்கு என்று எழுதி, தச்சநல்லூர் குடோன் சுவரில் ஆணியில் குத்திவிடுவார். வேலை முடிந்ததும் சுவரில் இருக்கிற துணியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவுச் சீட்டில் கையெழுத்து. சரக்குப் பிடிக்கவில்லை என்றால் எதுவும் பேச மாட்டார். பேனா மூடியை எடுத்துப் பைய மூடுவார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டால் லாரிக்காரர்கள் சாக்கைத் திரும்ப ஏற்ற ஆரம்பிப்பார்கள்.

ஒரு தடவை ஒரு வியாபாரி, "அண்ணாச்சி, லேசாத்தான சாயம் எறங்குது, ரெண்டு மழ பெஞ்சா நின்னுரும்" என்றார்.

"நிக்கும்வே. நிறமும் சேந்து நின்னுரும்" என்று சொல்லி மூடியை மூடினார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் வேலை வந்தது. பார்வை இல்லாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். பெயரும் ஊரும் வேண்டாம். அண்ணாச்சி போய் அளந்து, எஸ்தர் டீச்சர் என்று அங்கே விளையாட்டைக் கவனிக்கிற டீச்சரிடம் பேசி, இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொண்டு வந்தார். திடல் முழுக்கச் சிவப்பு. நடுவில் மஞ்சளில் ஒரு பெரிய பூ. ஒரு பக்கம் குழாயடிக்கு இறங்குகிற இடத்தில் திடல் ஒரு முழம் பள்ளமாகும். அந்த விளிம்பு நெடுக ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் பட்டை.

கறுப்பு அடுக்கும் சிவப்பும் ஊற்றி முடித்த நேரத்தில் அண்ணாச்சியின் மகளுக்குப் பிரசவம் என்று நாகர்கோவிலிலிருந்து போன் வந்தது. "பேச்சி, பொருள நீ பாத்துக்க. நாலு நாள்ல வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் தடவையாக என்னை நம்பி விட்டுப் போகிறார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் வந்த லாரியில் மூன்று சாக்கு மஞ்சளுக்கு ஒன்றுதான் வந்தது. மீதி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மூன்றாம் நாள் திறப்பு விழா, ஊர்ப் பெரியவர்கள் வருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் போய், ஒரு வாரம் பொறுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் போகவில்லை. தலைமையாசிரியர் அறைக்குள் போய் நின்று பேசுவதை நினைத்தாலே எனக்கு வேர்த்தது. அந்தக் கூச்சத்தைத்தான் ஊரில் எல்லாரும் அடக்கமான பொம்பிளை என்று சொல்லிக் கொண்டிருந்தார்கள்.

குடோனில் இரண்டு சாக்கு மஞ்சள் கிடந்தது. ஒரு கடை முகப்புக்கு அலங்காரத்துக்கு வாங்கி மிஞ்சியது. சாயம் பூசியது. தெரிந்தேதான் எடுத்தேன். துணியில் தேய்த்தேன், நூறு வரை எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் தேய்த்துக் குளித்த துண்டு மாதிரி ஆகிவிட்டது.

கரணை பிடிக்கிற இசக்கி பக்கத்தில் நின்றான்.

"யக்கா, சாயம் ஏறுதே."

"தெரியவா போவுது அந்தப் பிள்ளைகளுக்கு?"

இப்படித்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. இசக்கி ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். பிறகு, "அது சரி, நீங்க பாத்துச் சொன்னா சரிதான்" என்று சாக்கைத் தூக்கினான்.

நல்ல மஞ்சள் ஒரு சாக்கு இருந்ததே, அதை எங்கே போட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் பூவுக்குப் போட்டேன். விழாவுக்கு வருகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள் என்று. சாயம் பூசியதை ஓரத்துக்குப் போட்டேன்.

அண்ணாச்சி எழுதிய தாள் என்னிடம்தான் இருந்தது. முதல் பக்கத்தில் "ஓரம், மஞ்சள்" என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தை நான் திருப்பவில்லை. பின்னால் ஒரு நாள் திருப்பினேன். அவருடைய சாய்ந்த எழுத்தில் இப்படி இருந்தது: "எல்லாப் பிள்ளைக்கும் முழுப் பார்வை போகவில்லை. ஏழெட்டுப் பேருக்கு மஞ்சள் மட்டும் மங்கலாகத் தெரியும். அதை வைத்துத்தான் ஓரம் கண்டுபிடிக்கும். மஞ்சள் முக்கியம்."

வேலை முடிந்த அன்று சாயம் ஏறிய துணியைக் குடோன் குழாயில் அலசினேன். எவ்வளவு அலசியும் போகவில்லை. அதைச் சுருட்டிப் போட்டுவிட்டு, வேறு துணி எடுத்து நல்ல சாக்கில் மிஞ்சிய குருணையைத் தேய்த்தேன். அது வெள்ளையாகவே இருந்தது. "மஞ்சள், ஓரம், சரி" என்று குண்டு எழுத்தில் எழுதினேன்.

இசக்கி கை கழுவிக் கொண்டிருந்தான். "துணியையும் நல்லாத்தான் வெளுக்கிய" என்றான். நான் துணியைச் சுவரில் குத்திவிட்டேன்.

அண்ணாச்சி விழாவன்று காலையில்தான் வந்தார். பேரன் பிறந்த சந்தோஷம். எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். துணியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். "பரவால்லயே, நான் இல்லாமலே ஓடுதே" என்று என்னிடம் சொன்னார்.

மழைக்காலம் போய்ப் பங்குனி வந்ததும் எஸ்தர் டீச்சர் ஸ்டோருக்குப் போன் செய்தார். சிரித்துக்கொண்டேதான் பேசினார். "பிள்ளைக உள்ளங்கையெல்லாம் மஞ்சளா இருக்கு. வெள்ளைச் சட்டையில, மூஞ்சியில எல்லாம் ஒட்டிட்டு வருது. அதுகளுக்கு எங்க தெரியுது? நாங்கதான் அடிக்கடி கழுவிவிடுதோம். சரியாயிரும்லா?"

சரியாகிவிடும் என்றேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அன்று முழுக்க என் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சட்டைகளாகவே வந்தன. நான் சுருட்டிப் போட்ட மஞ்சள் துணி அந்தப் பிள்ளைகளின் மேலேயே இருந்தது.

வைகாசியில், லீவு முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்த வாரம், இரண்டாவது போன் வந்தது. அதை அண்ணாச்சி எடுத்தார். பேசிவிட்டு, "பொறப்புடு" என்று மட்டும் சொன்னார்.

மரகதம் என்று ஒரு பிள்ளை. பதினோரு வயது. ஓரத்திலிருந்து குழாயடிக் கல்லில் விழுந்து, மேல் உதட்டில் தையல், முன்பல் பாதி உடைந்திருந்தது. அண்ணாச்சி நேரே ஓரத்துக்குப் போய் மண்டியிட்டார். மஞ்சள் பட்டை இருந்த இடம் கறுப்பாகக் கிடந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாக மஞ்சள் ஒட்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து ஒரு குருணையைப் பெயர்த்து வெட்டினார். உள்ளே கறுப்பு.

தலைமையாசிரியர் வந்துவிட்டார். கையில் முடிவுச் சீட்டு. "இது உங்க கையெழுத்துதான? பாத்துத்தான் போட்டீங்களா, பாக்காமப் போட்டீங்களா? கண்ணு தெரியாத பிள்ளைகன்னா என்னத்த வேணும்னாலும் போடலாம்னு நெனச்சிட்டீங்களா?"

நான் இசக்கியிடம் சொன்னதும் அதேதான்.

அண்ணாச்சி எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக் கொண்டார். "எங் கையெழுத்துதான்யா. தப்பு எம்மேலதான். நாளைக்கே பேத்து வேற போட்டுத் தாரேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர்கள் பேசிக் கொண்டிருக்கும்போது வராந்தாவில் மரகதம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை யார் என்று கேட்டாள். தரை போட்டவள் என்று சொன்னேன். அவள் உடனே என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கேன், டீச்சர்ட்டச் சொல்லாதிய. அங்கன மஞ்சக் கோடு இன்னும் இருக்குல்லா?"

"ஏம்மா?"

"எனக்குக் கொஞ்ச கொஞ்சமா மங்கிட்டே வந்து. இப்ப தெரியவே இல்ல. கண்ணு முழுசாப் போயிட்டுன்னு நெனச்சேன். யார்ட்டயும் சொல்லல. தெனமும் காலைல போயி அங்கன நின்னு தேடுவேன். அன்னைக்கும் தேடத்தான் போனேன்."

எத்தனை மாதமாக என்று கேட்டேன். பொங்கலிலிருந்து என்றாள்.

பொங்கலிலிருந்து அந்தப் பிள்ளை தினமும் காலையில் போய் நின்று தன் கண் போய்விட்டதா என்று பார்த்திருக்கிறது.

"உங் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. கோடுதான் அழிஞ்சிட்டு. எனக்கே தெரியல" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

அவள் சிரித்தாள். தையல் இழுத்திருக்கும், உதட்டைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். பிறகு, "ஏன்க்கா அழிஞ்சிட்டு?" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். அங்கே வேறு யாரும் இல்லை. கேட்டது ஒரு சின்னப் பிள்ளை, அவள் என்னை என்ன செய்துவிடப் போகிறாள்?

"வெயிலும்மா. இங்கத்த வெயிலுக்கு எதுதான் நிக்கி" என்றேன்.

குடோனுக்குத் திரும்பியதும் அண்ணாச்சி ஓரத்துக் குருணையைத் துணியில் தேய்த்தார். கொஞ்சம்தான் சாயம் மிச்சமிருந்தது, ஆனாலும் துணியில் ஏறியது. சுவரில் இருந்த என் வெள்ளைத் துணியை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"பேச்சி, இது எந்தச் சாக்குல தேச்சது?"

"அந்தச் சாக்குலதான் அண்ணாச்சி."

பேனாவை எடுத்தார். எதுவும் எழுதவில்லை. மூடியை மூடினார்.

மறுவாரம் நல்ல மஞ்சள் வந்தது. பழைய பட்டையை வெட்டி எடுத்து, விளிம்புக்குப் பசை தடவி, அண்ணாச்சியே கரணை பிடித்துப் போட்டார். அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் முதலாளி, கையெழுத்துப் போடுகிற பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார். எடுத்து என்னிடம் கொடுத்தார். அண்ணாச்சி மேலும் ஒரு வருடம் ஒரு மூலையில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதினார். என்னிடம் எப்போதும் போலப் பேசினார். பிறகு மனைவியின் ஊரான உடன்குடிக்கே போய்விட்டார்.

அந்த வருடம் எஸ்தர் டீச்சர் ஒரு தடவை போன் செய்தார். "உங்க மரகதம் பண்ணுத கூத்தப் பாருங்க. வெயில் மஞ்சளத் தின்னுரும்னு நீங்க சொன்னியளாம்லா. மதியம் ஆனா பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயி கோடு மேல சாக்க விரிக்கா. சாயங்காலம் எடுக்கா. ஒரு நாள் தப்புறது இல்ல." டீச்சர் சிரித்தார். புது மஞ்சளுக்கு அது தேவையே இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார். நானும் சிரித்து வைத்தேன். மரகதம் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற வரை சாக்கு விரித்தாளாம்.

அதற்குப் பிறகு நான் ஒரு சாக்கைக்கூடத் தவறாக ஏற்றவில்லை. கை பொய் சொல்லாது என்று பெயர் வந்தது. அது அண்ணாச்சிக்கு வர வேண்டிய பெயர்.

பெனாசிர் கேட்டுவிட்டுப் போன பிறகு பேனாவை எடுக்க முடியவில்லை. உடன்குடிக்கு பஸ் ஏறினேன். அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்து முடித்துவிட்டு ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, அந்தத் துணி..."

"அந்தச் சாக்குல தேச்சது இல்ல" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"தெரியும். ரெண்டு துணியையும் பக்கத்துல வச்சேம்லா. நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். ஒரு வருசம் அந்த மூலையில எதுக்கு இருந்தேன்னு நெனச்ச?"

நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. கோபமாகத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். "எனக்குத் தெரிஞ்சதையே எங்கிட்டச் சொல்லதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்திருக்க. தெரியாம ஒருத்தி இருக்கால்லா, அவட்டப் போய்ச் சொல்லு" என்றார். எஸ்தர் டீச்சரின் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார்.

டீச்சரைக் கேட்டதில், மரகதம் இப்போது திருநெல்வேலியில் ஒரு அலுவலகத்தில் தொலைபேசி பார்ப்பதாகச் சொன்னார்.

மறுநாள் பதினோரு மணிக்குப் போனேன். மரகதம் தனியாக ஒரு மேசையில் இருந்தாள், முன்பல்லுக்கு உறை போட்டிருந்தாள். நான் யார் என்று சொல்லி, சாயம் பூசிய சாக்கைப் பற்றியும், இசக்கியிடம் நான் சொன்ன வார்த்தையைப் பற்றியும் சொன்னேன். "அப்ப வெயில் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மணி அடித்தது. அவள் போனை எடுத்தாள்.